காலண்டரில் ஒரு தேதி: ஜனவரி 15

வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. காலையில் எழுந்ததும் முந்தின நாள் தாளைக் கிழிக்கிறோம். ராகு காலம் எத்தனை மணிக்கு, கிருத்திகை என்றைக்கு, காஸ் சிலிண்டர் வந்து எத்தனை நாளாயிற்று என்பதையெல்லாம் அதில் பார்த்துக் கொள்கிறோம். கிழித்த தாளின் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் ஜாபிதா எழுதுகிறோம். அத்துடன் அந்தத் தேதியின் கதை தீர்ந்தது என்று நினைத்து விடுகிறோம்.

எல்லாத் தேதிகளும் அப்படிச் சுலபமாகத் தீர்ந்து விடுவதில்லை, நேயர்களே! சில தேதிகளுக்கு ஏதோ ஒரு விஷயத்தில் தீராத ஆசை. வருஷங்கள் கழித்தும் அதே காரியத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். ஜனவரி 15 அப்படி ஒரு தேதி. நமக்கு அது பொங்கல் அல்லது மாட்டுப் பொங்கல். கிரிக்கெட் ஆட்டத்துக்கு அது என்ன என்று கேட்டு ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

கடிதம் பிச்சாவரத்திலிருந்து வந்திருக்கிறது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளையை அடுத்து, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுரபுன்னைக் காடு தண்ணீரில் நிற்கும் ஊர். 'இதயக்கனி' படத்தில் அந்தக் காட்டைப் பார்த்திருப்பீர்கள். பொங்கல் விடுமுறை வந்தால் கடலூர், சிதம்பரம் ஜனங்களெல்லாம் கட்டுச் சோற்று மூட்டையும் குழந்தைகளுமாகப் படகுத் துறையில் கூடி விடுவார்கள்.

"ஊரெல்லாம் படகுக்கு வரிசையில் நிற்கும்போது என் பெண் மட்டும் பந்தை எடுத்துக் கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடுகிறாள்" என்று எழுதுகிறார் அந்தத் தாய். "ஒன்பதாவது படிக்கிறாள். லெக் ஸ்பின் போடுகிறாளாம். எனக்கு அதெல்லாம் புரியாது. வெயிலில் கறுத்துப் போகிறாளே, நாளைக்கு யார் கட்டிக் கொள்வான் என்று என் மாமியார் புலம்புகிறார். பத்தாவது வகுப்புக்குப் போனதும் பந்தைப் பரணில் போட்டு விட வேண்டியதுதான் என்கிறார் அவள் அப்பா. அவள் பிறந்த தேதி ஜனவரி 15. அந்தத் தேதிக்கும் கிரிக்கெட்டுக்கும் ஏதாவது ராசி உண்டா? உண்டென்றால் எழுதுங்கள். அவள் பாட்டியிடம் படித்துக் காட்டுகிறேன்."

ராசி, ஜாதகம் பார்ப்பது நம் தொழில் அல்ல. ஆனால் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்துச் சொல்லலாம். அம்மா, உங்கள் பெண் பிறந்த தேதி லேசுப்பட்ட தேதி அல்ல!

வெகு காலம் சென்னையில் டெஸ்ட் பந்தயம் என்றால் அது பொங்கல் சமயத்தில்தான் நடக்கும். பொங்கல் டெஸ்ட் என்றே அதற்குப் பெயர். அடுப்படியில் வெண்கலப் பானை பொங்கும். கூடத்தில் ரேடியோ பொங்கும். கரும்பைக் கடித்துக் கொண்டே ஸ்கோர் கேட்ட குடும்பங்கள் எத்தனையோ! பின்னாளில் அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் தமிழில் வர்ணனை சொல்ல ஆரம்பித்த பிறகு, அடுக்களையிலிருந்தபடியே, "யார் அவுட்?" என்று கேட்கும் பாட்டிமார்களும் உண்டாகி விட்டார்கள்.

அந்தப் பொங்கல் டெஸ்டுகளில் மூன்றை இந்தியா ஜனவரி 15ஆம் தேதியிலேயே ஜெயித்து முடித்திருக்கிறது.

முதலாவது 1962. அப்போது பந்தயம் சேப்பாக்கத்தில் அல்ல. பின்னால் நேரு ஸ்டேடியம் என்று பெயர் பெற்ற கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். எதிரே டெட் டெக்ஸ்டர் தலைமையில் இங்கிலாந்து. முதல் மூன்று பந்தயங்களும் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்து, நாலாவதைக் கல்கத்தாவில் நாம் ஜெயித்து, ஐந்தாவதற்குச் சென்னை வந்தார்கள். முதல் இன்னிங்ஸில் பட்டோடி நவாப் 103 ரன் எடுத்தார். டெஸ்டில் அவருக்கு அதுதான் முதல் சதம். இருபத்தொரு வயதுப் பிள்ளை. ஆறு மாதங்களுக்கு முன்புதான், 1961 ஜூலையில், இங்கிலாந்தில் ஒரு கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்திருந்தார். இரண்டு கண்ணும் உள்ளவர்களே ஊசியில் நூல் கோக்கத் திண்டாடுகிறோம். ஒற்றைக் கண்ணால் வேகப் பந்தைப் பார்த்து அடிப்பது எப்படி என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்!

அந்தப் பந்தயத்தில் சலீம் துரானி இரண்டு இன்னிங்ஸிலுமாகப் பத்து விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஜனவரி 15 அன்று 128 ரன் வித்தியாசத்தில் இந்தியா ஜெயித்தது. இங்கிலாந்தை ஒரு டெஸ்ட் தொடரில் நாம் தோற்கடித்தது அதுவே முதல் தடவை.

அன்றைக்கு இந்திய அணியின் காப்டன் நரி காண்ட்ராக்டர். முதல் இன்னிங்ஸில் 86 ரன் எடுத்தவர். அந்த மாலையில் நாட்டிலேயே அவரைப் போல் சந்தோஷமான மனிதர் வேறொருவர் இருந்திருக்க முடியுமா? ஆனால் இரண்டே மாதங்களில், 1962 மார்ச்சில், பார்படாஸ் தீவில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து அவருடைய தலையைத் தாக்கியது. மண்டை ஓட்டில் அடி. உயிருக்கே ஆபத்து. அறுவை சிகிச்சை நடந்தது. வெஸ்ட் இண்டீஸ் காப்டன் ஃப்ராங்க் வொரெல் தம் ரத்தத்தைக் கொடுத்தார். காண்ட்ராக்டர் பிழைத்து எழுந்தார். உள்நாட்டுப் பந்தயங்களில் மறுபடி ஆடவும் செய்தார். ஆனால் டெஸ்ட் பந்தயம் ஆடும் பாக்கியம் மீண்டும் கிட்டவில்லை. அப்போது அவருக்கு வயது 28. அவர் இடத்தில் காப்டன் ஆனவர், சென்னையில் சதம் அடித்த அதே பட்டோடி. ஒருவருக்கு அது ஆரம்பத் தேதி. இன்னொருவருக்கு அதுவே சிகரத் தேதி. இரண்டு பேருக்கும் அது அன்றைக்குத் தெரியாது.

இரண்டாவது 1975. இடம் சேப்பாக்கம். எதிரி, கிளைவ் லாயிடின் வெஸ்ட் இண்டீஸ். ஆண்டி ராபர்ட்ஸ் என்ற வேகப் பந்து வீச்சாளர் முதல் நாளிலேயே நம் ஆட்டக்காரர்களைச் சீட்டுக் கட்டைப் போல் சரித்தார். 64 ரன்னுக்கு 7 விக்கெட். நம் மொத்தம் 190 தான். அதில் பாதிக்கு மேல், 97 ரன், ஒரே ஆள் எடுத்தது. குள்ளமான, சாதுவான குண்டப்பா விஸ்வநாத். சதத்துக்கு மூன்றே ரன் பாக்கி இருக்கும்போது மறு முனையில் கடைசி ஆட்டக்காரரும் அவுட். விஸ்வநாத் அவுட் ஆகாமல் நின்று விட்டார்.

சதம் அடித்தவர்கள் ஆயிரம் பேர். ஆனால் ஐம்பது வருஷம் ஆகியும் சென்னைக்காரர்கள் பேசுவது அந்த அடிக்காத சதத்தைப் பற்றித்தான். அந்த 97 இல்லாவிட்டால், பிறகு பிரசன்னா இரண்டு இன்னிங்ஸிலுமாக ஒன்பது விக்கெட் எடுத்தும் பிரயோஜனம் இருந்திருக்காது. ஜனவரி 15 அன்று நாம் 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். நூறுக்கு மூன்று குறைந்தாலும் வீட்டுக்கு வேண்டியதைச் செய்து முடித்த எண்ணிக்கை அது. மாதக் கடைசியில் மூன்று ரூபாய் குறைந்தும் குடும்பத்தைக் கரை சேர்க்கிற சகோதரிகளுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது 1988. மறுபடி சேப்பாக்கம், மறுபடி வெஸ்ட் இண்டீஸ், இம்முறை விவ் ரிச்சர்ட்ஸ் காப்டன். நம் பக்கம் நரேந்திர ஹிர்வானி என்று ஒரு புதுப் பையன். பத்தொன்பது வயது. கண்ணாடி போட்ட, பரீட்சைக்கு வந்த மாணவனைப் போன்ற தோற்றம். உங்கள் பெண் போடுகிறாளே, அதே லெக் ஸ்பின்தான் அவர் போட்டதும். அதாவது, வலக்கை ஆட்டக்காரரின் கால் பக்கம் விழுந்து வெளிப் பக்கமாகத் திரும்பும் பந்து. மணிக்கட்டைச் சுழற்றிப் போட வேண்டும். முறுக்குப் பிழிகிற கைகளுக்கு அந்த வித்தை கொஞ்சம் சீக்கிரம் வரும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஹிர்வானி முதல் இன்னிங்ஸில் 61 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 75 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார். முதல் டெஸ்டிலேயே 136 ரன்னுக்கு 16 விக்கெட்! ஆஸ்திரேலியாவின் பாப் மாஸி 1972ல் தம் முதல் டெஸ்டில் 137 ரன்னுக்கு 16 எடுத்திருந்தார். அந்த உலக சாதனையை ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் நம் பையன் முந்தினார். அடிக்க ஆசைப்பட்டு முன்னால் இறங்கி வந்தவர்களை விக்கெட் காப்பாளர் கிரண் மோரே ஸ்டம்ப் செய்து கொண்டே இருந்தார். ஒரே பந்தயத்தில் ஆறு ஸ்டம்பிங். அதுவும் உலக சாதனை. ஜனவரி 15 அன்று 255 ரன் வித்தியாசத்தில் வெற்றி.

அப்புறம்? ஹிர்வானி மொத்தம் ஆடியது 17 டெஸ்டுகள். எடுத்தது 66 விக்கெட். முதல் பந்தயத்தில் 16, மற்றப் பதினாறிலும் சேர்த்து 50. அப்படியொரு சேப்பாக்கம் அவருக்கு மீண்டும் வாய்க்கவில்லை. அதனால் அந்த 16 விக்கெட் பொய்யாகி விடுமா? முதல் நாள் கொண்டாட்டத்தை வைத்து மீதி வாழ்க்கையை அளந்தால் நம்மில் யார்தான் தேறுவோம்? கல்யாணத்தன்று இருந்த பிரகாசம் ஒவ்வொரு நாளும் வீட்டில் எரிகிறதா என்ன?

அதே பந்தயத்தில் நம் தமிழ்நாட்டு டபிள்யூ. வி. ராமனும் முதல் டெஸ்ட் ஆடினார். இரண்டாவது இன்னிங்ஸில் 83 ரன் எடுத்தார். ஹிர்வானியின் வெளிச்சத்தில் அது சற்று மங்கித் தெரிந்தது. ஆனால் ராமனின் பெயரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் அவர் நமக்கு வேண்டும்.

சென்னையை விட்டு ஜனவரி 15 வெளியூர் புறப்பட்டதும் அதற்கு விராட் கோலியின் மேல் பிரியம் விழுந்தது. 2017ல் பூனாவில் இங்கிலாந்துக்கு எதிராக 122. 2018ல் தென்னாப்பிரிக்காவில் செஞ்சூரியன் மைதானத்தில் 153. 2019ல் அடிலெய்டில் 104. மூன்று வருஷம் அடுத்தடுத்து, ஒரே தேதியில் மூன்று சதம்! பிறகு 2022ஆம் வருஷம் அதே ஜனவரி 15 அன்று, டெஸ்ட் காப்டன் பதவியை விட்டு விலகுவதாக அறிவித்தார். 68 டெஸ்டுகளில் தலைமை வகித்து 40ல் ஜெயித்தவர். சரி, அந்தத் தேதி அவரைக் கைவிட்டு விட்டது என்று ரசிகர்கள் நினைத்தார்கள். அடுத்த வருஷம், 2023 ஜனவரி 15 அன்று, திருவனந்தபுரத்தில் இலங்கைக்கு எதிராக 166 ரன், அவுட் ஆகாமல். 317 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ஆண்களின் ஒரு நாள் பந்தயங்களில் அன்றைக்கு அதுவே உலகத்தின் மிகப் பெரிய வித்தியாசம். பதவி போனாலும் கை போகவில்லை!

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். பாட்டியிடம் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்ட வேண்டிய பகுதி இது.

சேலம் ஜில்லாவில் சின்னப்பம்பட்டி என்று ஒரு கிராமம். தகப்பனார் நெசவுக் கூலி. தாயார் தெருவோரத்தில் கோழி வறுவல் கடை போட்டுக் குடும்பத்தைத் தாங்கியவர். ஐந்து குழந்தைகளில் மூத்தவர் நடராஜன். ஊர்ப் பொட்டலில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2020ல் இந்திய அணி ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, பயிற்சியில் பந்து போட்டுக் கொடுப்பதற்காக அவரையும் அழைத்துப் போனார்கள். கல்யாண வீட்டில் பரிமாறப் போனவர் மாதிரி. அந்தச் சமயத்தில்தான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையின் முகத்தைக் கூடப் பார்க்காமல் விமானம் ஏறினார்.

அங்கே ஒருவர் பின் ஒருவராக நம் ஆட்டக்காரர்கள் காயம் பட்டார்கள். பும்ரா இல்லை, ஜடேஜா இல்லை, நம் அஸ்வினும் இல்லை. பரிமாற வந்தவரைப் பந்தியில் உட்கார வைத்தார்கள். 2021 ஜனவரி 15. பிரிஸ்பேன் நகரத்து காபா மைதானம். நடராஜனும், சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தரும் ஒரே நாளில் தங்கள் முதல் டெஸ்டில் இறங்கினார்கள். அன்றைக்கே சுந்தரின் பந்தில் ஸ்டீவ் ஸ்மித் அவுட். சதம் அடித்து நின்ற லபுஷேனை நடராஜன் வீழ்த்தினார். முதல் இன்னிங்ஸில் இருவருக்கும் மும்மூன்று விக்கெட். பிறகு சுந்தர் 62 ரன்னும் எடுத்தார். ஜனவரி 19 அன்று இந்தியா மூன்று விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. முப்பத்திரண்டு வருஷமாக ஆஸ்திரேலியா தோற்றறியாத மைதானம் அது.

நடராஜனுக்கு அந்த ஒரு டெஸ்டோடு சரி. முழங்கால் அறுவை சிகிச்சை, காயங்கள் என்று காலம் போயிற்று. அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் கிராமத்திலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து அதைத் திறந்து வைத்தார். தமக்குக் கிடைத்த ஒரு நாளை, ஊர்ப் பிள்ளைகளுக்கு எத்தனையோ நாட்களாக மாற்றிக் கொடுத்தார்.

"எல்லாம் ஆம்பிளைப் பிள்ளைகள் கதைதானே?" என்று பாட்டி கேட்பார். கேட்கட்டும். பதில் கைவசம் இருக்கிறது.

2025 ஜனவரி 15. ராஜ்கோட். இந்தியப் பெண்கள் அணிக்கும் அயர்லாந்துக்கும் ஒரு நாள் பந்தயம். ஸ்மிருதி மந்தானாவும் பிரதிகா ராவலும் முதலில் இறங்கி இரண்டு பேருமாக 233 ரன் சேர்த்தார்கள். மந்தானா 80 பந்துகளில் 135. ஒரு நாள் பந்தயங்களில் அவருடைய பத்தாவது சதம் அது. இந்தியப் பெண்களில் பத்தாவது சதத்தைத் தொட்டவர் அவரே முதல்வர். பிரதிகா 154. அணியின் மொத்தம் 435. நம் ஆண்கள் அணி ஒரு நாள் பந்தயத்தில் எடுத்த மிகப் பெரிய ஸ்கோரே 418 தான். 304 ரன் வித்தியாசத்தில் வெற்றி!

இப்போது டபிள்யூ. வி. ராமனைக் கூப்பிடுவோம். 1988 ஜனவரி 15 அன்று ஹிர்வானியின் நிழலில் நின்ற அதே ராமன், பின்னாளில் இந்தியப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 2020 மார்ச்சில் மந்தானா முதலிய பெண்களை உலகக் கோப்பையின் இறுதிப் பந்தயம் வரை கூட்டிக் கொண்டு போனவர் அவர்தான். நிழலில் நிற்பதும் வீண் போவதில்லை.

பிரதிகா ராவலைப் பற்றி அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தப் பெண் மனோதத்துவம் படித்த பட்டதாரி. படிப்புக்காக மட்டையைப் பரணில் போடவும் இல்லை. மட்டைக்காகப் புத்தகத்தைத் தூக்கி எறியவும் இல்லை. ஒரு வீட்டில் இரண்டுக்கும் இடம் இருந்திருக்கிறது.

பிரதிகாவுக்கும் எல்லாம் நினைத்தபடி நடந்து விடவில்லை. அதே 2025ல் நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்றார்களே, அந்தத் தொடரில் அவர் ஒரு சதம் அடித்தார். பிறகு கணுக்காலில் அடிபட்டு, அரை இறுதியிலும் இறுதியிலும் ஆட முடியாமல் போயிற்று. நவம்பர் 2 அன்று வெற்றிக் கொண்டாட்டத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்து சிரித்துக் கொண்டு கலந்து கொண்டார்.

ஆகவே, சகோதரி, ராசி உண்டா என்று கேட்டீர்களே! அந்தத் தேதி காண்ட்ராக்டருக்கு வெற்றியைக் கொடுத்தது; அடுத்த வருஷத்தைக் கொடுக்கவில்லை. ஹிர்வானிக்குப் பதினாறு விக்கெட் கொடுத்தது. இன்னொரு பதினாறு கொடுக்கவில்லை. விஸ்வநாத்துக்கு மூன்று ரன் பாக்கி வைத்தது. நடராஜனுக்கு ஒரே ஒரு டெஸ்ட் கொடுத்தது. இவர்களில் ஒருவராவது காலண்டரைப் பார்த்து மைதானத்துக்குப் போகவில்லை. அந்த நாள் வந்தபோது கை தயாராக இருந்தது, அவ்வளவுதான். கை தயாராக இருக்க வேண்டுமானால், பந்து பரணில் இருக்கக் கூடாது.

உங்கள் பெண் நாளைக்கு இந்தியாவுக்கு ஆடுவாளா என்று எனக்குத் தெரியாது. ஆடாமலும் போகலாம். சிதம்பரத்தில் காலேஜில் படித்து, வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்து போடுகிறவளாகவும் ஆகலாம். அதில் என்ன நஷ்டம்? வெயிலில் கறுத்த நிறம் நிழலில் மாறி விடும். பந்தைப் பிடுங்கிக் கொண்ட நாள் மட்டும் அவளுக்கு மறக்காது.

ஒரு யோசனை சொல்கிறேன். வருகிற காணும் பொங்கலன்று படகுத் துறைக்குப் போவதற்கு முன்னால், பாட்டியை ஒரு அரை மணி நேரம் பள்ளிக்கூட மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். நிழலாகப் பார்த்து ஒரு நாற்காலி போடுங்கள். பேத்தி ஆறு பந்து போடட்டும். பந்து தரையில் விழுந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் பாட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பார்த்து விட்டுப் பாட்டி என்ன சொன்னார் என்பதை மறக்காமல் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.